ஷேர் ஆட்டோவில் ஒரு கொலை

ராயபுரம் நூலகத்தில் பழைய துப்பறியும் நாவல்களைக் கழித்துக் கட்டி விற்றார்கள். செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிறு போட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாதபடி. பிரித்துப் பார்த்து வாங்கக் கூடாது. ரேகா கனமான கட்டாகத் தேடி எடுத்து, மார்போடு அணைத்தபடி எண்ணூர் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வீட்டுக்குப் போய் டீ போட்டு வைத்துக்கொண்டுதான் பிரிப்பது என்று தீர்மானம்.

அது திருவொற்றியூர் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. கண்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ரேகாவின் விரல்கள் தாமாகவே கயிற்றை நெம்பின. மேலே இருந்த ஒல்லிப் புத்தகத்தின் அட்டையில் ஒரு பெண் துப்பாக்கி நீட்டினாள்.

பக்கத்தில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கண்ணு, யார சுடப் போறா அவ?"

"தெரியலக்கா. இப்பத்தான் பிரிச்சேன்."

"வாய்விட்டுப் படியேன். சும்மாதான குந்திகினு கீறோம்."

ரேகா படித்தாள். மலை பங்களாவில் முதலாளி முகம் கருகிச் செத்துக் கிடந்தார். முதல் அத்தியாயம் முடிவதற்குள் டிரைவர் தண்டபாணி என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர்தாம்மா. அவன் முழியே சரியில்ல."

"முழிய நீ எங்க பாத்த?" என்றாள் பவுனம்மாள். "தம்பிக்காரன்தான். சொத்து தகராறு."

ரேகாவுக்குத் தொண்டை வறண்டது. நிறுத்த மனமில்லை. துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் கூட்டிய நேரம் பார்த்து முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"பேஜாரு! இப்பத்தான் வழி வுடணுமா?" தண்டபாணி ஆட்டோவைக் கடலோரப் பாறைகள் பக்கம் ஓரங்கட்டினார். "நீ படிம்மா. முடிக்காம வண்டி நவுராது."

செத்துக் கிடந்தது முதலாளியே இல்லை, சமையல்காரன். அவனைக் கொன்று தன் கோட்டை மாட்டிவிட்டு, தாடி வைத்த தோட்டக்காரனாக அங்கேயே நடமாடிக்கொண்டிருந்தார் முதலாளி.

"செத்தவனேவா!" பவுனம்மாள் தொடையில் ஓங்கி அடித்தாள். தண்டபாணி காரணமில்லாமல் ஹாரனை அழுத்தினார்.

எர்ணாவூர் குப்பத்தில் இறங்கிய பவுனம்மாள் கொஞ்ச தூரம் போய், விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

"கண்ணு, அந்த மொதலாளி பொஞ்சாதிக்கு விசயம் தெரியுமா, தெரியாதா? பொணத்த அடையாளம் காட்னவளே அவதான?"

"அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்," என்றார் தண்டபாணி.

"நீ சும்மா கெட."

ரேகா பரபரவென்று பக்கங்களைப் புரட்டினாள். நாவலில் எங்கும் சொல்லவில்லை. பிணத்தைக் காட்டும் இடத்தில் கண் நின்றது. அந்த மனைவி அழவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று, 'அவர்தான்' என்றாள். ரேகா நிமிர்ந்தாள்.

"தெரியும்க்கா! அவளுக்கு எல்லாம் தெரியும்!"

பவுனம்மாள் கூடையை உள்ளே தள்ளிவிட்டு மறுபடியும் ஏறி உட்கார்ந்தாள்.

"அவ வர்ற எடமா பாத்து இன்னொருவாட்டி படி."