மேலே பார்த்துக்கொண்டிருந்தவர்கள்

"எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தா எப்படிங்க சார் கீழ வரது?" என்று அபிநயா கேட்டபோது அவளுக்கு வயது ஏழு. அவள் கால்கள் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருந்தன. குரும்பலூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இது நடந்தது. பந்தை வளையத்துக்குள் போட எம்பியவள், பந்து உள்ளே விழுந்து, நாலு முறை துள்ளி, வேலி வரைக்கும் உருண்டு போன பிறகும் எம்பிய இடத்திலேயே நின்றாள். விளையாட்டு ஆசிரியர் அமிர்தலிங்கம் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நாற்பது பிள்ளைகளையும் திரும்பி நின்று புளியமரத்தைப் பார்க்கச் சொன்னார். தானும் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கால் தரையில் படும் சத்தம் கேட்டது. அந்த வாரம் சின்ன வெங்காயம் கிலோ முப்பத்தெட்டு ரூபாய்க்குப் போனதால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அவள் போட்ட பந்து வளையத்தைத் தவறவிட்டதே இல்லை. ஆனால் எம்பினால், பார்க்கிற கண்கள் விலகும்வரை அவளால் இறங்க முடியாது. கண்கள் கூடக்கூட உயரமும் கூடியது. போனில் நேரலையாகப் பார்க்கிற கண்களும் கணக்கில் சேர்ந்தன. பிறகு போட்டுப் பார்க்கிற வீடியோ சேரவில்லை. அவள் அம்மா பூங்காவனம் வெங்காயத் தாள் அறுக்கிற வேலைக்குப் போகிறவள். உப்பும் மிளகாயும் எடுத்து மகளைச் சுற்றி அடுப்பில் போட்டாள். திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடி வராது. அன்றைக்கு நெடி தெருவே தும்மும்படி வந்தது. பூங்காவனம் அடுப்பைப் பார்த்தபடி கணவன் செல்லக்கண்ணுவிடம் சொன்னாள்: "கெட்ட கண்ணா இருந்தா மிளகாயப் போடலாம். இது அம்புட்டும் ஆசைப்பட்டுப் பாக்குற கண்ணுங்க. இதுக்கு என்னத்தப் போடறது?" செல்லக்கண்ணு குட்டியானை வண்டியில் மக்காச்சோளம் ஏற்றுகிறவர். மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டி எடுக்கப் போனார். அதன்பிறகு சிறுவாச்சூர் மதுரகாளி கோயில் திறக்கிற திங்களும் வெள்ளியும் பூங்காவனம் அங்கே போய், பிள்ளை கால் தரையில் இருக்கட்டும் தாயே என்று மட்டும் கேட்டு வந்தாள்.

ஒன்பது வயதில் ஒரு வீடியோ பரவியது. அரும்பாவூரிலிருந்தும் குன்னத்திலிருந்தும் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். புதுக் கடை திறந்தால், ரிப்பன் வெட்டுவதற்கு முன் அவளை ஒருமுறை எம்பச் சொன்னார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ் நின்றது. அதில் அவள் மேலே இருந்தாள்; கீழே வரிசையாக வட்டத்துக்குள் இருந்த இருபது பேர் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெருவில் பாண்டி ஆட முடியாமல் போனது. ஒரு கட்டம் தாண்டுவதற்குள் யாராவது அடையாளம் கண்டு நின்று பார்த்துவிட, அவள் மின்கம்பி வரைக்கும் போய்விடுவாள். லைன்மேன் வீட்டுக்கே வந்து, ஈரமான நாட்களில் மட்டும் பாப்பா குதிக்காமல் இருந்தால் நல்லது என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். மற்ற பிள்ளைகள் போல எம்பி, மற்ற பிள்ளைகள் போல இறங்கி, ஓர் ஆட்டத்தை முழுசாக ஆடி முடிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பேட்டி எடுத்தவர்களிடம் இதைச் சொன்னாள். அவர்கள் அதை எழுதவில்லை.

பதினொரு வயதில் அரியலூரில் ஒரு போட்டி. உள்ளரங்கத்தில் நாலாயிரம் பேர், போன்களில் அறுபத்திரண்டாயிரம் பேர். முதல் பந்துக்கு எம்பியவள் கூரைத் தகரத்தில் தலை முட்டி நின்றாள். மூன்று மணி நேரம் நின்றாள். குரும்பலூர் முறைப்படி எல்லாரையும் திரும்பச் சொன்னார்கள். திரும்பியவர்கள் போனைத் தோளுக்கு மேலே பிடித்துக்கொண்டார்கள். ஏணி வைத்து ஏறி அவள் காலைப் பிடித்து இழுத்தவர் அவளோடு சேர்ந்து அந்தரத்தில் தொங்கினார். சிறப்பு விருந்தினர் நேரமாகிவிட்டதால் தன் உரையை அண்ணாந்தபடியே படித்து முடித்தார். அப்போது அபிநயா, கையை இடுப்போடு ஒட்டி வைத்து, சுண்டு விரலை மட்டும் நீட்டினாள். வகுப்பில் ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்கிற விரல் அது. ஜெயித்ததற்கு அடையாளம் என்று நினைத்து நாலாயிரம் பேரும் கை தட்டினார்கள்.

கை தட்டாமல் நின்றது எதிர் அணித் தலைவி லாவண்யா மட்டும்தான். அவளுக்கு வயது பன்னிரண்டு. சிமெண்ட் லாரி ஓட்டுகிற ராஜராஜனின் மகள். மேலே இருந்த பிள்ளையின் முகத்தையும் விரலையும் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு இருந்த இடத்திலேயே தொப்பென்று விழுந்து, கால் போச்சே கால் போச்சே என்று அரங்கமே அதிரக் கத்தினாள். எல்லாக் கண்ணும் எல்லாப் போனும் அவள் பக்கம் திரும்பின. அபிநயா கூட்டத்துக்குப் பின்னால் சத்தமில்லாமல் இறங்கிக் கழிப்பறைக்கு ஓடினாள். டாக்டர் வந்து பார்த்ததில் லாவண்யாவின் காலில் ஒரு கீறல்கூட இல்லை. தன்னைப் பார்க்கவில்லையே என்ற பொறாமையில் நடித்துவிட்டாள் என்று அன்று மாலைக்குள் முடிவாயிற்று. அவள் கத்தியதைப் பாட்டாக்கி மூன்று லட்சம் பேர் கேட்டார்கள். ஒரு வருஷம் அவளை அணியில் சேர்க்கவில்லை. பெயரே டிராமா லாவண்யா என்று ஆகிவிட்டது.

அடுத்த மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். நடந்ததை எல்லாரிடமும் சொல்லிவிடப் போவதாக அபிநயா அழுதாள். லாவண்யா சுற்றும் முற்றும் பார்த்து, அவளைக் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"வாய மூடு. நீ சொன்னா உன்னையப் பாத்துச் சிரிப்பானுங்க. அப்புறம் நான் வுழுந்ததுக்கு என்னதான் அர்த்தம்?"

"உங்களச் சிரிக்கிறாங்களேக்கா."

"எனக்குப் பழகிப்போச்சு. எங்க வூட்டு நாய்கூட இப்ப அந்தப் பாட்டுக்குத்தான் வாலாட்டுது."

அபிநயா அம்மாவிடம் மட்டும் சொன்னாள். பூங்காவனம், அந்தப் பிள்ளைக்கு நாம பட்டிருக்கிறது பெரிய கடன், சாமிதான் அடைக்க வழி காட்டணும் என்றாள். அந்த வெள்ளியிலிருந்து மதுரகாளிக்கு, மகளுக்கு ஒன்று, அந்தக் கடனுக்கு ஒன்று என்று இரண்டு விளக்கு ஏற்றினாள்.

திருஷ்டிக்குக் கிடைக்காத வழி மணலில் கிடைத்தது. பூங்காவனம் உரச்சாக்கைக் கிழித்து, பை பையாகத் தைத்து, ஆற்று மணலை நிரப்பி மகள் இடுப்பில் கட்டினாள். ஆயிரம் பேருக்கு ஒரு கிலோ என்று சரியாக வந்தது. பட்டையோடு எம்பினால் மற்றவர்கள் போலவே இறங்கினாள். பந்து முன்போல எப்போதும் விழவில்லை. அதற்காக அவள் விடியற்காலையில் எழுந்து பழகினாள். பார்க்க வருகிற கூட்டம் குறைந்தது. ஃபிளெக்ஸை எடுத்துக்கொண்டு போய் ஒருவர் ஆட்டுக் கொட்டகைக்கு மேலே போட்டார். ஆறு வருஷத்தில் அவள் நல்ல ஆட்டக்காரி ஆனாள். பதினேழு வயதில் மாநில அணிக்கு அவள் பெயர் எடுக்கப்பட்டது. பெரம்பலூரில் நடக்கும் இறுதி ஆட்டத்தைத் தேர்வுக் குழு நேரில் பார்க்கும் என்றும், ஆட்டத்துக்கு நடுவே ஒருமுறை மேலே போய் நின்றாலும் பெயர் நீக்கப்படும் என்றும் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். கடிதத்தைப் பூங்காவனம் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். பட்டையின் தையலைப் புதுசாகப் போட்டாள்.

எதிரே ஆடியது அரியலூர் அணி. பதினோராம் எண் லாவண்யா. அரங்கில் நாலாயிரம் பேர். இடுப்பில் நாலு கிலோ. ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில், அபிநயாவின் பெரம்பலூர் அணி மூன்று புள்ளி முன்னால் இருக்க, லாவண்யா திடீரென்று ஓடுவதை நிறுத்திவிட்டு, வளையக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள். நடுவர் விசில் ஊதிக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. டிராமா ஆரம்பிச்சிருச்சுடா என்று ஒருவன் மேல் வரிசையிலிருந்து கத்த, போன்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பத் தொடங்கின. அரியலூர் அணிக்கு வெள்ளைக் கால்சட்டை. அவளுக்குப் பின்னால் ஓடி வந்த அபிநயா மட்டும் அதில் கறை பட்டிருந்ததைப் பார்த்திருந்தாள். அது மாதத்தில் வருகிற நாள். எந்தப் பெண்ணுக்கும் சொல்லிவிட்டு வராது.

அபிநயா பட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். நாலு கிலோ மணல் தரையில் விழுந்த சத்தத்துக்குச் சிலர் திரும்பினார்கள். அந்தச் சிலர் பார்த்ததே அவள் கிளம்பப் போதுமானதாக இருந்தது. கையில் பந்து இல்லாமலே எம்பினாள். மற்றவர்கள் நிமிர நிமிர அவள் கூரைக்குப் போனாள். ஆறு வருஷமாக அதைப் பார்க்காத நாலாயிரம் பேரும் அண்ணாந்தார்கள். தேர்வுக் குழுவினர் மூவரும் அண்ணாந்தார்கள். கம்பத்தடியில் இருந்தவள் நடந்து வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கறுப்புக் கால்சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்து, நின்ற இடத்திலேயே நின்றாள்.

இந்த முறை யாரும் ஏணி தேடவில்லை. மேலே போனவள் மேலே இருக்கிறாள் என்று கால் மணி நேரத்தில் பழகிவிட்டது. டீக்காரர் உள்ளே வந்தார். போண்டா கைமாறியது. பக்கத்து ஆளிடம் மக்காச்சோள விலை கேட்கத் தொடங்கினார்கள். அவள் மேலே போனதும் நேரலையில் வந்து சேர்ந்தவர்கள் கிணற்றில் விழுந்த ஓர் ஆட்டைத் தூக்குகிற காட்சிக்குப் போய்விட்டார்கள். கண்கள் விலக விலக அபிநயா சாண் சாணாக இறங்கினாள். கடைசியாக அண்ணாந்திருந்தது லாவண்யா. அவள் தலையைக் குனிந்துகொண்டதும் அபிநயாவின் கால் தரையைத் தொட்டது. லாவண்யா கீழே கிடந்த பட்டையை எடுத்து, அவள் இடுப்பில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அரியலூர் ஒரு புள்ளியில் ஜெயித்தது. மாநில அணியில் அந்த வருஷம் அபிநயா பெயர் இல்லை. பூங்காவனம் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்துவிட்டாள்; வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் ஒரு விளக்கு மட்டும் ஏற்றினாள். அன்று மேசையில் உட்கார்ந்து ஆட்டக் குறிப்பேடு எழுதியவர் அரியமுத்து. ஒரு நிமிடத்தையும் விடாமல் எழுதுகிறவர் என்று பெயர் வாங்கியவர். ஏழாம் எண் ஆட்டக்காரி மேலே இருந்தார், ஆட்டம் நாற்பத்தொரு நிமிடம் நின்றது என்று அதில் இருக்கிறது. பதினோராம் எண் ஆட்டக்காரி வெளியே போய் வந்ததைப் பற்றி ஒன்றும் இல்லை. அரியமுத்துவும் அப்போது மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.