கூரைமேல் லொரேட்டா

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்கள் சிற்றூர் தேவாலயத்தின் கூரையை ஆலங்கட்டி மழை பொத்தலாக்கியது. சரிசெய்ய வந்தவர், மனைவியையும் இழந்து தனியாக வாழ்ந்த வெர்னன். மகளை அடக்கம் செய்த நாளிலிருந்து ஆறு வருடமாக அவர் தேவாலயத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை; ஊரறியக் கடவுளைத் திட்டுவார். கணவரை இழந்த லொரேட்டாவோ ஒரு ஞாயிறும் தவறாதவர், அதிர்ந்து பேசாதவர்.

மூன்று நாள் லொரேட்டா காப்பிக்கு அழைத்தும் வெர்னன் உள்ளே வரவில்லை. நான்காம் நாள் லொரேட்டாவே காப்பியோடு ஏணியில் ஏறிவிட்டார்.

“ஐயோ, விழுந்து தொலைக்காதீங்க!”

“நீங்க உள்ள வரமாட்டேங்கிறீங்க. அதான் நான் மேல வந்தேன்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்த லொரேட்டா, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். “வீட்டுக்காரர் போனதுலேருந்து எனக்கு ஜெபமே வரலைங்க. வாய் மட்டும்தான் அசையுது.”

வெர்னன் சுத்தியலைக் கீழே வைத்தார். “நான் வராம கடவுள்கிட்ட கோவிச்சுக்கிட்டேன். நீங்க வந்து உக்காந்தே கோவிச்சுக்கிட்டு இருக்கீங்க.”

லொரேட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அதுவே அழுகையாக மாறியது. வெர்னனும் மகளின் பெயரைச் சொல்லி அழுதார்.

அடுத்த ஞாயிறு இருவரும் கடைசி வரிசையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒரு துணை இருக்க, லொரேட்டாவுக்கு ஜெபம் மனதிலிருந்தே வந்தது. ஞாயிறுதோறும் காப்பியும் பேச்சும் தொடர்ந்தன; சோள அறுவடை முடிந்ததும் போதகர் அவர்களுக்குத் திருமணம் செய்துவைத்தார்.