முதல் பெயர்

செத்துப்போன அக்காவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது, அக்காவின் கைப்பேசி பவானேஸ்வரியின் மடியில் மறுபடியும் அதிர்ந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் வாட்சாப். காலையிலிருந்து ஆளாளுக்குக் கும்பிடுகிற கையும் வாடிய பூவும் போட்டிருந்தார்கள். இப்போது அந்தப் பூக்களுக்கு அடியில் ஒருவன் கேட்டிருந்தான்: கலையின் கடைசி ரன் யாரிடம் இருக்கிறது, அவள் லேப்டாப்பின் பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமா? அந்தக் குழுவில் கலையும் ஒருத்தி என்பது அவன் புத்தியில் உறைக்கவில்லை. செத்தவளிடமே கேட்டிருந்தான்.

“கட்டையில போறவனுங்க,” என்றாள் பவானேஸ்வரி.

எதிரே உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு மங்களம் அக்கா, பிணத்தை வைத்துக்கொண்டு அந்த வார்த்தை வேண்டாம் என்று கண்ணால் அதட்டினாள். இங்கே சொல்லாமல் வேறெங்கே சொல்வதாம். பவானேஸ்வரி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி சீப்பை எடுத்தாள். குளிப்பாட்டின ஈரம் இன்னும் காயவில்லை. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது.

கலைமகளுக்கு முப்பத்தேழு வயது. மலாக்காவின் ஆயர் குரோவில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் ஒப்பந்தம் முடியும், அவள் முகம் சுண்டிப்போகும், ஜனவரி பிறந்து பாதி மாதம் தவிக்க விட்டபிறகு இன்னோர் ஆண்டுக்கு நீட்டுவார்கள். அதற்குள் அவளோடு படித்தவர்கள் விரிவுரையாளர்களாகி, வீடு வாங்கி, பிள்ளை பெற்று, அவளுக்கு ஆலோசனை சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

மலாக்காவை வானத்திலிருந்து எடுத்த பழைய படங்களையும் புதிய படங்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு, எங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, எங்கே செம்பனையை வெட்டிவிட்டுத் தாமான் வீடுகளை வரிசையாகக் கட்டினார்கள் என்று நிறம் பிரிப்பாள். அந்த நிறங்களைக் கணினிக்குள் விட்டு, இன்னும் முப்பது ஆண்டுகளில் எந்த ஊர் எவ்வளவு வேகும், எந்த ஊரில் வெள்ளம் ஏறும் என்று ஓட்டிப் பார்ப்பாள். அதற்குத்தான் ரன் என்று பெயர். அம்மாவுக்கு இதைச் சோற்றுத் தட்டில் விளக்கினாள். சோற்றில் பாத்தி கட்டினால் குழம்பு நிற்கும். பாத்தியைக் கலைத்துவிட்டால் தட்டெல்லாம் ஓடும். எந்தப் பாத்தியைக் கலைத்தால் எங்கே ஓடும் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்றாள். அம்மா விஜயராணி, சோற்றில் விளையாடாமல் சாப்பிடச் சொன்னாள். ஆனால் மறுநாள் மார்க்கெட்டில் யாரோ விசாரித்தபோது அதே விளக்கத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டு வந்தாள்.

வானத்துப் படத்தை மட்டும் நம்பி நிறம் பிரிக்க முடியாது. கிழட்டு ரப்பரும் டுரியான் பழத் தோட்டமும் மேலிருந்து பார்த்தால் ஒரே பச்சை. நேரில் போய் நின்று, இது இதுதான் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டு பேராகப் போக வேண்டும் என்பது விதி. கூடப் போகிற பெண்ணின் ஒப்பந்தத்தை இந்த ஆண்டு நீட்டவில்லை. நீ சமாளித்துக்கொள்வாய் கலை என்று ஆய்வுக் குழுவின் தலைவர் டாக்டர் காந்தன் சொல்லிவிட்டார். இவளும் சமாளித்தாள். சுங்கை ரம்பாய்ப் பக்கம் வெள்ளம் வடிந்துகொண்டிருந்தபோது மைவி காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, செருப்புக் கடித்த காலோடு முட்டளவுத் தண்ணீரில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

காய்ச்சல் பிறகு வந்தது. ஓடிக்கொண்டிருக்கிற ரன் முடியட்டும் என்று பனடோல் மாத்திரையை விழுங்கிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பவானேஸ்வரி தம்பின் டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். கிளினிக்குக்குப் போகலாம் வா என்று அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஆய்வுப் பேப்பர் அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது என்பதே பதில். கண் மஞ்சளானபிறகுதான் எழுந்தாள். ஆஸ்பத்திரியில் கெஞ்சிங் திக்குஸ் என்றார்கள், எலி மூத்திரக் காய்ச்சல். முதலில் சிறுநீரகம் போயிற்று. பிறகு ஆளே போய்விட்டாள்.

வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குள் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், படித்துப் படித்தே போய்விட்டாள், கல்யாணமும் ஆகவில்லை, வேலையும் நிரந்தரமாகவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பவானேஸ்வரிக்கு ஒவ்வொருத்தரையும் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர்கள் மேல் எவ்வளவு நேரம்தான் கோபப்படுவது. தெரியாமல் பேசுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் இனிமேல்தான் வர வேண்டும்.

வந்தார். பெரிய மலர் வளையத்தை இரண்டு மாணவர்கள் தூக்கி வர, டாக்டர் காந்தன் கறுப்புச் சட்டையில் காரிலிருந்து இறங்கினார். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து பேராசிரியர் வரைக்கும் ஏறியவர். ஊரில் அவருக்கு மரியாதை உண்டு. கூடாரத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். பெட்டிக்கருகில் வந்தவர் கலைமகளின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். பவானேஸ்வரிக்கு அதுதான் பொறுக்கவில்லை. நடித்திருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அம்மாவின் முன்னால் குனிந்து ஏதோ சொன்னார். காலையிலிருந்து மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த விஜயராணி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் யாரையும் பார்க்கவில்லை. அழவும் இல்லை. அழுதுவிடும்மா என்று பெண்கள் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பவானேஸ்வரியைத் தனியாகச் சமையலறைப் பக்கம் அழைத்தார். அழுத கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

“இத இப்பக் கேக்க எனக்கு மனசே வரல பவா. ஆனா அந்த லேப்டாப் வேணும்மா. வெள்ளிக்கிழம பேப்பர் அனுப்பியாகணும். கடைசி ரன்னு அதுலதான் இருக்கு.”

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று கிளம்பி வந்திருக்கிறார். பவானேஸ்வரி கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“அக்கா பேரு முதல்ல வருமா டாக்டர்?”

“கண்டிப்பா அவ பேரு வரும். நன்றி சொல்ற எடத்துல அவளுக்குன்னு தனியா ஒரு பத்தி. இந்த ஆய்வையே அவ நினைவுக்குச் சமர்ப்பணம் பண்றோம்.”

“நான் அதக் கேக்கல. முதல் பேரு.”

அவர் பெருமூச்சு விட்டார். இறந்தவர்கள் பெயரை முதலில் போட்டால் ஆய்விதழ்க்காரர்கள் கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல ஆள் வேண்டும், திருத்தச் சொன்னால் திருத்த ஆள் வேண்டும், யார் முடித்துக் கொடுக்கிறாரோ அவர் பெயர்தான் முன்னால் வரும், அதுதான் முறை என்று வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி மெதுவாக எடுத்துச் சொன்னார்.

“யாரு முடிக்கிறா?”

டாக்டர் காந்தன் அடுப்பைப் பார்த்தார். “நான்தாம்மா,” என்றார்.

அக்காவின் முதல் ஆய்வு வெளிவந்தபோது அவள் பெயர் இரண்டாவது. அடுத்ததில் மூன்றாவது, நடுவில் அதுவரை யாரும் பார்த்திராத ஒருவருடைய பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்டபோது, அடுத்தது உன்னுடையதுதான் என்றார் டாக்டர். அந்த அடுத்தது இதுதான். இந்த ஒன்று மட்டும் என் பேரில் முதலில் வந்துவிட்டால் நிரந்தர வேலைக்கு எழுதிப் போடலாம் பவா என்று காய்ச்சலில் உதடு வெடித்துக் கிடந்தபோதுகூடச் சொன்னாள். அவள் கேட்டது பதவி இல்லை, பட்டம் இல்லை. தான் செய்த வேலைக்கு முன்னால் தன் பெயர். அவ்வளவுதான் கேட்டாள், பைத்தியக்காரி.

லேப்டாப்பைத் தர முடியாது என்றாள் பவானேஸ்வரி.

டாக்டர் காந்தன் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

“நீ தரலன்னா எனக்கு நஷ்டம் கொஞ்சம்தான். வீணாப் போறது அவளோட ஆறு வருஷ உழைப்பு. யோசிச்சுக்க.”

சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். யாரோ காப்பி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பவானேஸ்வரி அங்கேயே நின்றாள். அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தப் படங்களும் நிறங்களும் இவளுக்கு ஒன்றும் விளங்காது. அலமாரியில் வைத்துப் பூட்டினால் அக்கா செய்த அத்தனையும் அதற்குள்ளேயே கிடந்து மக்கும். எடுத்துக் கொடுத்தால் இன்னொருத்தர் பெயரில் ஊர் சுற்றும். எந்தப் பக்கம் போனாலும் கலைமகளுக்கு ஒன்றும் இல்லை. எப்படிக் கட்டம் கட்டி வைத்திருக்கிறான் பார் இந்த மனுஷன் என்று சுவரில் கையால் ஓங்கி அடித்தாள். கைதான் வலித்தது.

பண்டாரம் தேவாரம் பாடி முடித்தபோது வண்டி வந்துவிட்டது. மின்சுடலையில் இரண்டு மணிக்குள் இருக்க வேண்டும். அம்மாவின் அண்ணன் தம்புசாமி மாமா எல்லாவற்றையும் முன்னின்று நடத்திக்கொண்டிருந்தார். வாய்க்கரிசித் தட்டை எடுத்து வரச் சொன்னார். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து பெட்டியைச் சுற்றி, ஒரு பிடி அரிசி எடுத்து, கலைமகளின் உதட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா மட்டும் எழுந்து வரவில்லை. அவள் கடைசியில் போடட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வரிசை முடிகிற நேரத்தில் மாமா கூடாரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். குருவுக்கும் உரிமை உண்டு, டாக்டர் வந்து போடலாம் என்றார். அவருக்கு இதெல்லாம் தெரியாது. வந்தவருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தார்.

டாக்டர் காந்தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தட்டிலிருந்து அரிசியை அள்ளினார். பெட்டியைச் சுற்றி வந்து தலைமாட்டுக்கு வந்தபோது பவானேஸ்வரி குறுக்கே நின்றாள்.

“அரிசியக் கையில வச்சுக்கிட்டுச் சொல்லுங்க டாக்டர்,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் கூடாரம் வரைக்கும் கேட்டது. “இந்த ஆராய்ச்சி யாரு செஞ்சது? முதல் பேரு யாருது? அவ மொகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போடுங்க. லேப்டாப்ப நானே கொண்டாந்து உங்க கார்ல வைக்கிறேன்.”

மாமா பதறிப்போனார். வாய்க்கரிசி போட வந்தவரைத் தடுத்தால் செத்தவளுக்கு ஆகாது என்று அதட்டினார். “வழிய விடு பவா. போதும்லா,” என்று தோளைப் பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை. டாக்டரோடு வந்த மாணவர்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பதில் தெரியும். அங்கே பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் வாயைத் திறக்க வேண்டுமே.

டாக்டர் காந்தன் கலைமகளைப் பார்த்தார். நெற்றியில் திருநீறும், உதட்டில் அரிசியும், இன்னும் மஞ்சள் மாறாத முகமும். உதடு அசைந்தது. அவர் சொல்லிவிடுவார் என்று ஒரு கணம் பவானேஸ்வரிக்கே தோன்றியது. சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள், உங்கள் காலில்கூட விழுகிறேன் என்று மனசு கெஞ்சியது. அவ்வளவு கோபத்திலும் அப்படிக் கெஞ்சியதற்காகப் பிறகு அவள் தன்னையே வெகுநாள் திட்டிக்கொண்டாள்.

“முயற்சி பண்றேம்மா,” என்றார் அவர்.

ஒவ்வொரு ஜனவரியிலும் அக்காவிடம் சொன்ன அதே சொல். பவானேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. அம்மா எழுந்துகொண்டிருந்தாள்.

மகளைக் கண்டிக்கத்தான் எழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமாகூட, நீயே சொல்லு விஜயா என்று நகர்ந்து வழிவிட்டார். விஜயராணி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்து டாக்டர் காந்தனின் எதிரே நின்றாள். அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். உள்ளே இருந்த அரிசியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. வியர்வையில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. கண் சரியாகத் தெரியாததால் அந்தக் கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, ஒன்றுகூட மீதியில்லாமல் நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள்.