பின்னறையில் கஜீவன்

நோபல் பார்க் என்ற புறநகரில் ஒரு தேவாலயம் நடத்திய ஆங்கில வகுப்புக்கு வந்தவர்களில் சச்சிதானந்தனும் ஒருவர். படகில் வந்த ஈழ அகதி, சைவர். பாஸ்டர் கிரேக்குக்குத் தமிழர்களிடையே ஊழியம் செய்ய விருப்பம். மொழிபெயர்க்கச் சபையைச் சேர்ந்த சயந்தினியைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் சச்சிதானந்தன் வீட்டுக்குப் போனார்.

தேநீர் கொடுத்துவிட்டுச் சச்சிதானந்தன் சொன்னார். "தங்கச்சி, நான் பின்னறையில படுக்கிறேல்லை. என்னோட படகில வந்து கடலுக்க விழுந்து செத்த கஜீவன் அங்க வந்து நிக்கிறான். உடுப்பெல்லாம் நனைஞ்சபடி."

கிரேக் பரிவோடுதான் பதில் சொன்னார். அங்கே யாருமில்லை, அது மனக்காயம், நல்ல மருத்துவர் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார்.

சயந்தினி அதைச் சொன்னதும் சச்சிதானந்தனின் முகம் இறுகியது. "கண்ணுக்குத் தெரியாத ஆவியானவர் கூட இருக்கிறார் எண்டு இவர்தானே சொல்லுறவர். அவற்ர ஆவி உண்மை, நான் காணுறது மட்டும் நோயோ? கேட்டுச் சொல்லும்."

கிரேக் விடைபெற்று எழுந்தார்.

திரும்பும்போது காரில், "நீயும் இதை நம்புகிறாயா?" என்று சயந்தினியிடம் கேட்டார்.

"நம்புகிறேன். சபையில் எங்கள் ஆட்கள் பலரும் நம்புகிறார்கள். நீங்கள் இல்லையென்பீர்கள் என்று வாய் திறப்பதில்லை" என்றாள் அவள் ஆங்கிலத்தில்.

சச்சிதானந்தன் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். சில வாரம் யோசித்த கிரேக் சயந்தினியோடு மறுபடி அவர் வீட்டுக்குப் போய், "கஜீவனுக்கு என்ன வேண்டுமாம்?" என்று கேட்டார்.

சச்சிதானந்தன் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். "உடம்பு கிடைக்கேல்லை. அதால கிரியை ஒண்டும் செய்யேல்லை. தாய் இப்பவும் அதைச் சொல்லித்தான் அழுகிறா."

"உங்கள் கிரியையில் நான் சேர முடியாது. ஆனால் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிற்பேன். நீங்கள் சம்மதித்தால், உங்கள் பயம் தீர என் கடவுளிடம் கேட்பேன்."

மோடியலொக் கடற்கரையில் ஐயர் மந்திரம் சொல்ல, சச்சிதானந்தன் பிண்டத்தைக் கரைத்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார். கைபேசித் திரையில் கஜீவனின் தாய் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் தம்பி அந்த வெள்ளைக்காரர்?"

"என்ர கூட்டாளி அம்மா."

பிறகு கிரேக் செபித்தார். சயந்தினி அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, சச்சிதானந்தன் கைகூப்பி நின்றார்.

அந்த மாதமே அவர் கிரேக் சொன்ன மருத்துவரிடமும் போனார். கஜீவன் வருவது குறைந்தது. வகுப்புக்குத் திரும்பிய அன்று, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து சயந்தினியைக் கூப்பிட்டார்.

"யேசு செத்தவையோட கதைச்சவராமே, அது என்னெண்டு பாஸ்டரிட்டைக் கேளும் தங்கச்சி. இண்டைக்கு எனக்கு வேலையில்லை. ஆறுதலா, அவசரப்படாமச் சொல்லட்டும்."

கிரேக் ஒரு கதிரையை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.