தரையில் ஓர் இறகு இல்லை

காலையில் எழுந்ததும் ஜூடு பின்கதவுத் தாழ்ப்பாளை நீக்குவான். வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்து அடுப்படியில் வைப்பான். குருணையை டப்பாவில் அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போவான். கூண்டின் கொக்கியை எடுத்துவிட்டால் கோழிகள் ஒவ்வொன்றாக இறங்கும். தண்ணீர்ச் சட்டியைக் கழுவி நிரப்புவான். கூண்டுக்குள் கைவிட்டு முட்டை தேடுவான். பிறகு குளித்து, அத்தை வைத்ததைத் தின்று, விளாங்குடி ஸ்டாப்பில் நின்று சிம்மக்கல்லுக்கு டவுன் பஸ் ஏறுவான். அங்கே ஒரு பைப் கடையில் பில் போடும் வேலை. எம்.காம். படித்துவிட்டு இதுதானா என்று முன்பு கேட்டவர்கள், மனைவி ஷெரின் செத்த பிறகு கேட்பதில்லை.

கோழி வளர்த்தவள் ஷெரின்தான். அவளைப் புதைத்த மறுநாள் காலையிலும் கோழிகள் கத்தின. அதனால் கூண்டைத் திறந்துவிட்டான். அன்றிலிருந்து தினமும் திறக்கிறான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

முதலில் காணாமல் போனது முட்டை. கூண்டுக்குள் கைவிட்டால் வைக்கோல் மட்டும் ஈரமாக இருந்தது. விரலில் பிசுபிசுத்ததை வெளிச்சத்தில் பார்த்தான். மஞ்சள் கரு. ஓட்டில் ஒரு சில்லுகூட மிச்சமில்லை.

"கீரி வருது போல," என்றாள் அத்தை.

கொக்கி போட்டது போட்டபடி இருந்தது. கம்பி வலையில் விரல் நுழையும் ஓட்டைகூட இல்லை.

அடுத்து புள்ளிக்கோழியின் வால் போனது. அலங்காநல்லூரில் ஒரு வீட்டில் கேட்டு வாங்கி, துப்பட்டாவில் பொதிந்து ஷெரின் பஸ்ஸில் கொண்டுவந்த குஞ்சு அது. கொல்லையில் நின்ற மற்றதெல்லாம் அது அடைகாத்துப் பொரித்தவை. பிள்ளை இல்லாத வீடு. அவள் கையில் வளர்ந்ததென்று அங்கே மிச்சமிருந்தது அந்த ஓர் உயிர்தான். கொஞ்ச நாளில் அதன் முதுகும் வெறுமையானது. இறகு இருந்த இடங்களில் புள்ளி புள்ளியாகச் சிவந்த தோல்.

பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, கோழிக்கு மொட்ட போட்டுட்டீங்க? வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்டீங்களா?"

"தெரியலமா. தானாக் கொட்டுது."

"தானாக் கொட்டுனா தரையில கெடக்கணும்லண்ணே. எங்க கெடக்கு? நானும் காது கொடைய ஒரு எறகு கெடைக்குமான்னு பாக்குறேன்."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஜூடு கொல்லையைச் சுற்றி வந்தான். துவைகல்லுக்கு அடியில், முருங்கை மூட்டில், கூண்டுக்குக் கீழே. எச்சம் கிடந்தது. சருகு கிடந்தது. இறகு ஒன்றுகூட இல்லை. யாரோ கூட்டிப் பெருக்கி அள்ளிக்கொண்டு போனதுபோல இருந்தது தரை.

செய்ய வேண்டியதைச் செய்தான். பேனாக இருக்கும் என்று வேப்பெண்ணெய் தடவினான். மாட்டு மருந்துக் கடையில் ஊதா மருந்து வாங்கி முதுகில் பூசினான். செவலைக் கோழி ஒன்று எப்போதும் புள்ளிக்கோழிக்குப் பின்னாலேயே நின்றது. கொத்துவது அதுதான் என்று அதைப் பிடித்து மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அடைத்து வைத்தான். மறுநாள் மாலை கடையிலிருந்து வந்து பார்த்தான். செவலை பஞ்சாரத்துக்குள் படுத்திருந்தது. புள்ளிக்கோழியின் தொடையும் வெறுமையாகியிருந்தது. செவலையைத் திறந்துவிட்டான்.

அத்தை பெயர் பிலோமினாள். ஷெரினின் தாய். மிஷன் ஸ்கூலில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மகளுக்குக் காய்ச்சல் என்று வந்தவள், அடக்கம் முடிந்ததும் மருமகனுக்குச் சமைத்துப்போட ஆளில்லை என்று அப்படியே தங்கிவிட்டாள். மகள் ஆத்துமத்துக்காக, வருசப் பூசை முடிகிற வரைக்கும் வீட்டில் கவிச்சி கூடாது என்று கல்லறைத் தோட்டத்திலேயே நேர்ந்துகொண்டாள். மீன் இல்லை, கறி இல்லை, முட்டையும் இல்லை. கிடைத்த முட்டையெல்லாம் பாண்டிச்செல்வி வீட்டுக்குப் போனது. ஜூடுக்கு எல்லாம் ஒன்றுதான். எதைத் தின்றாலும் ஒரே ருசியாக இருந்தது.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அத்தை தவறாமல் ஒன்றைச் சொல்வாள்.

"இயேசு, மரி, சூசைன்னு சொல்லித்தான் கண்ண மூடுனா எம்பிள்ள. நல்ல மரணம். மாப்ள பக்கத்துல இருந்தாரு, கேளுங்க."

ஜூடு தலையை ஆட்டுவான். ஷெரினுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, அத்தை மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "கடைசியா ஏதாச்சும் சொன்னாளா மாப்ள?" என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஷெரின் சொன்னது உண்டு. ஆனால் அது ஒரு தாயிடம் சொல்லக்கூடியதாக இல்லை. "பிதற்றுறாங்க சார், காதுல போட்டுக்காதீங்க," என்றுதான் நர்ஸும் சொல்லியிருந்தாள். அதனால் அவன் வாயில் அந்த நேரத்துக்கு வந்த ஜெபத்தை அவள் சொன்னதாகச் சொல்லிவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக் கிளம்பும்போது அத்தை பின்வாசலில் நின்று கோழிகள் மேல் தீர்த்தம் தெளித்தாள்.

"எதோ கெட்டது பூந்துருக்கு மாப்ள. பேசாம எல்லாத்தையும் பிடிச்சு வித்துருங்க. பாக்கவே பயமா இருக்கு. ஒண்ணும் கத்த மாட்டேங்குது பாத்தீங்களா?"

அப்போதுதான் அவனும் கவனித்தான். கொல்லையில் சத்தமே இல்லை. கோழிகள் மண்ணைக் கிளறவில்லை. நின்றுகொண்டிருந்தன.

அத்தை கோயிலுக்குப் போன பிறகு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தான். வெயில் ஏறியது. குருணை பாதி தின்னப்படாமல் கிடந்தது. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கறுப்புக்கோழி ஒன்று புள்ளிக்கோழியின் பக்கத்தில் போய் நின்றது. அவசரமே இல்லை. பிள்ளையை மடியில் போட்டுப் பேன் பார்ப்பதுபோல கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. ஓர் இறகைத் தேர்ந்து கவ்வி இழுத்தது. இறகின் அடியில் ஒரு சொட்டுச் சிவப்பு இருந்தது. அலகை மேலே தூக்கி விழுங்கியது.

பின்னால் இன்னொன்று வந்தது. அது எடுத்த பிறகு இன்னொன்று. எல்லாம் புள்ளிக்கோழி பெற்றவை. அது ஓடவில்லை. கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்று கொடுத்தது.

ஜூடு எழுந்து அவற்றை விரட்டினான். புள்ளிக்கோழியைத் தூக்கியபோது கைக்குக் கனமே தெரியவில்லை. வாலடியில் காசளவு புண். அதைக் கூண்டுக்குப் பக்கத்தில் பஞ்சாரத்தில் அடைக்கக் குனிந்தவனின் புறங்கையைக் கம்பி வலையின் முனை கிழித்தது. வலிக்கவில்லை. ரத்தம் விரல் வழியாக இறங்கி மண்ணில் சொட்டியது.

கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின.

முதல் சொட்டைச் செவலை கொத்தியது. மண்ணோடு சேர்த்துத் தின்றது. அடுத்த சொட்டுக்குக் கறுப்பு வந்தது. பிறகு அவை தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டன. தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால், அவன் கையைப் பார்த்தன. ஒன்று தாவி விரலைக் கொத்தியது. இந்தத் தடவை வலித்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஏதோ வலித்தது.

அந்த வலியோடுதான் ஆஸ்பத்திரியில் கேட்ட பேச்சு முழுசாகக் காதில் வந்து விழுந்தது. அது பிதற்றல் இல்லை. அவள் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள்.

பஞ்சாரத்தின் மேல் ஒரு கல்லை வைத்தான். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காசிமாயன் மெயின் ரோட்டு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி மீன் விற்பான். மீன் அறுக்கும் அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வா மாப்ள. வெரதம் முடிஞ்சிருச்சா? கட்லா இருக்கு, வெரால் இருக்கு."

"மீன் வேணாம்ணே. குடல் இருக்கா?"

"குடலா?" காசிமாயன் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்தான். "தங்கச்சி வாங்குமே, அந்த மாதிரியா?"

"ஆமாண்ணே. கோழிக்கு."

"அதுக்குன்னு தனியாக் கட்டி வண்டியில மாட்டி வச்சிருப்பேன். ஒங்க கேட்டுக்கு வந்தா எம்புட்டு இருந்தாலும் வாங்கிக்கிரும். வேகவச்சு, தவிட்டுல பெசஞ்சு போடுவேன்னு சொல்லும். அப்புறம் ஒருநா டீச்சரம்மா, இந்தப் பக்கமே கவிச்சியக் கொண்டாராதன்னு வெரட்டிவிட்டாங்க. கண்மாயில கொட்டிட்டுப் போறேன்." ஒரு கறுப்பு கவரை எடுத்து நிரப்பிக் கட்டினான். "கோழிக்குமா மாப்ள வெரதம்?"

ஜூடு கவரை வாங்கிக்கொண்டான். கவர் வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அத்தை பூசை முடிந்து வந்திருந்தாள். முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள். பிறகு கவரைப் பார்த்தாள்.

"என்னது மாப்ள அது?"

"மீன் குடல்."

அத்தை அடுப்படி வாசலை மறித்து நின்றாள். "இன்னும் கொஞ்ச நாள்தான. பூசை வந்துரும்ல. அதுக்குள்ள இத உள்ள கொண்டாரலாமா? நேந்துக்கிட்டது நான் எனக்காகவா? அவளுக்காகத்தான?"

"பூசை வரைக்கும் அது தாங்காதுத்த. புண்ணாயிருச்சு. நாளைக்குள்ள மத்ததுக தின்னு முடிச்சிரும்."

"எது?"

"புள்ளிக்கோழி. அதோட குஞ்சுகதான் தின்னுதுக. இத்தன நாளா இரைன்னு வெறும் குருணைதான் போட்டிருக்கோம்."

"கோழிதான மாப்ள. போனாப் போகுது. எம்பிள்ள ஆத்துமத்த விடவா?"

கொல்லையில் கோழிகள் பின்வாசற்படிக்கு வந்துவிட்டன. கவர் நெரிபடும் சத்தம் அவற்றுக்கு மறந்திருக்கவில்லை. படியில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால், கல் வைத்த பஞ்சாரத்துக்குள், புள்ளிக்கோழி படுத்திருந்தது. கண் திறந்திருந்தது.

"தள்ளுங்கத்த. வேகவைக்கணும்."

"சாகுற நேரத்துலயும் இயேசு, மரி, சூசைன்னு சொன்னவ வீடு இது."

ஜூடு அவளை ஒட்டி உள்ளே நுழைந்து கவரை அடுப்பு மேடைமேல் வைத்தான்.

"அவ அதச் சொல்லலத்த."

அத்தை அவனைப் பார்த்தாள். முக்காடு தோளுக்குச் சரிந்தது. அதை எடுத்துவிட்டுக்கொள்ளக் கை போகவில்லை.

"பின்ன?" என்றாள். "பின்ன என்ன சொன்னா?"

படியில் நின்ற கோழிகளில் ஒன்று நிலைக்கு உள்ளே காலை எடுத்துவைத்தது. ஜூடு அதையே பார்த்துக்கொண்டு, ஷெரின் சொன்னபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னான்.

"காசிமாயன் அண்ணேட்ட கொடல வாங்கிப் போட்ருங்க. மறந்துறாதீங்க. இல்லாட்டி அதுக ஒண்ணையொண்ணு தின்னுரும்."