அவள் சொல்லாத சரி

இலவசம் என்றாலே தையல்காரர் மனைவிக்குச் சந்தேகம் வந்துவிடும். நூலகத்துப் பின்னறையில் வயதானவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டைக் காசு வாங்காமல் விளக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவள், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"கடைசியில எதையாவது நம்ம தலையில கட்டுவாங்க, பாருங்க" என்று கணவர் காதில் கிசுகிசுத்தாள். "நீங்க வாயத் திறக்காதீங்க. ஒரு தடவ திறந்த லட்சணமே போதும்."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவரைத் திட்டிவிடாதீர்கள். கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்த சமயம் அது. தொலைபேசியில் ஒரு தேன் குரல் வந்தது. "அதே இன்சூரன்ஸ்தான் சார், கூடவே கண்ணாடி இலவசம். அம்மாவுக்கும் சேத்து மாத்திடட்டுமா?" மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சேர்த்து அவரே "சரி" என்றுவிட்டார்.

கண்ணாடி வந்தது. அவளுடைய இதய வால்வைச் சரிசெய்ய நாள் குறித்திருந்த டாக்டர் புதுத் திட்டத்தில் இல்லை என்பது, ஆஸ்பத்திரி வரவேற்பில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. நெஞ்சில் வைக்கும் முன் ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குகிற டாக்டரம்மா அவர். வேறு யாரிடமும் நெஞ்சைக் கொடுக்க அவளுக்குத் துணிவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தன்னார்வலரை எல்லாரும் போன் அக்கா என்றார்கள். "நான் எதையும் விக்கிறதில்லம்மா. எந்தத் திட்டம் நல்லதுன்னும் சொல்ல மாட்டேன். புரிய வைக்கிறதுதான் என் வேலை, முடிவு உங்களோடது" என்றவர், பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். பிறகு, "நான் உங்க பக்கத்து வீட்டுக்காரின்னு வச்சுக்கங்க. இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்றார்.

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "அடியே, இந்தத் திட்டத்துல இருக்கிற டாக்டர்கிட்ட போனாத்தான் அவங்க செலவ ஏத்துப்பாங்களாம். என் டாக்டர் அதுல இல்ல. எனக்குத் தெரியாமலே மாத்திட்டாங்கன்னு நானே சொன்னா, பழசுக்குத் திரும்பலாமாம்."

சொல்லி முடித்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது.

போன் அக்கா காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தார். காத்திருக்கச் சொல்லி ஒரு துண்டு இசை மறுபடி மறுபடி சுற்றியது. வேறு யாராவது இருந்தால் போனைத் துண்டித்திருப்பார்கள். அவர் துண்டிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஒரு பெருமூச்சு கூட விடவில்லை. தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். நம் வீட்டு ஆட்களே நமக்காக இப்படிக் காத்திருந்ததுண்டா என்று அவள் யோசித்தாள்.

சும்மா இருக்க முடியாத தையல்காரர், காலர் மடிப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார். போன் அக்காவின் சட்டைக் கையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்ததை அவர் வந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். இலவசக் கண்ணாடியை மாட்டி, நூலைக் கோத்து, "கையக் கொஞ்சம் நீட்டும்மா" என்றார்.

கடைசி முடிச்சுப் போடும்போது இசை நின்றது. போன் அக்கா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

"அம்மாதான் பேசணும்" என்றது ஓர் ஆண் குரல். "மாத்தினப்ப நீங்க சம்மதிச்சீங்களா?"

வீட்டுக்குள் அவரை அவள் வறுத்தெடுப்பாள். வெளியாட்கள் முன்னால் ஒரு சொல் விட்டுக்கொடுத்ததில்லை. 'இவர் தப்பு பண்ணிட்டார்' என்று முன்பின் தெரியாதவனிடம் எப்படிச் சொல்வது? தையல்காரர் ஊசியைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். போன் அக்கா எடுத்துக்கொடுக்கவில்லை, தூண்டவில்லை. போனை மட்டும் அவள் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"தம்பி" என்றாள் அவள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கும் சேத்து இவர்தான் சரி சொல்லுவாரு. நான் சொல்லாமலே எனக்கு என்ன வேணும்னு தெரிஞ்ச மனுஷன். ஆனா இந்த ஒரு சரிய நான் சொல்லல. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருக்கவும் மாட்டேன். நெஞ்சு என்னோடதுல்ல?"

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "பழைய திட்டத்துக்கே மாத்தியாச்சும்மா. உங்க டாக்டர்கிட்டயே போகலாம்."

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும்தான்.

அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஏதாவது விற்பார்கள் என்று கடைசிவரை காத்திருந்தாள். "வேற ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லபடியா போயிட்டு வாங்க."

"ஒரு டீயாவது வாங்கித் தரேன்."

"எதுவும் வாங்கக் கூடாதுங்கிறது இங்க விதிம்மா." போன் அக்கா சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். "இந்தப் பொத்தான யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கைப்பையை இறுக்கியிருந்த விரல்கள் எப்போது தளர்ந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் எழுந்த நாற்காலியில் தடி ஊன்றிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். போன் அக்கா மறுபடி எண்களை அழுத்தினார். அதே துண்டு இசை, முதலிலிருந்து. அதே முகம், அதே பொறுமை. கோயிலிலும் இப்படி நின்று பார்த்ததில்லை அவள்.

படியிறங்கும்போது தையல்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பஸ்ல போவமா, நடந்தே போவமா? நீயே சொல்லு."

"மெதுவா நடப்போம்" என்றாள்.