மண்மேட்டில் சீதா

1979-இல் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் அந்த வரிசை வீடுகளில் பதினொரு குடும்பங்கள் இருந்தன. எந்த வீட்டிலும் பெரியவர்களுக்குக் கண் தெரியாது. சிலர் கூடை முடைந்தார்கள், சிலர் மசாஜ் செய்தார்கள். கோமதியின் அப்பா நாகையா ஓர் ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். அவருக்கும் அம்மாவுக்கும் பார்வை இல்லை. கோமதிக்கும் அவள் அக்கா சீதாலெட்சுமிக்கும் இருந்தது.

சீதாவுக்குப் பதினான்கு வயது. பேசமாட்டாள். யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். பார்வையில்லாத அந்த வரிசையில் அவள் முகம் பார்க்காதது யாருக்கும் குறையாகத் தெரிந்ததில்லை. ஆட்டிசம் என்ற சொல் அந்த வீட்டுக்கு வந்துசேர இன்னும் பல வருடங்கள் இருந்தன. ஒரு பொருள் இடம் மாறினால் அவளுக்குத் தாங்காது. வாளி ஒரு சாண் நகர்ந்திருந்தாலும், அதைத் திரும்ப வைக்கும்வரை “ஊ...” என்று ஒரே சுதியில் கத்துவாள். பதினொரு வயதுக் கோமதிக்கு அந்தச் சத்தம் கேட்டாலே மானம் போகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை யாரோ குத்தகைக்காரரின் ஆட்கள் வந்து, குழாய் போடுவதற்காக நடைபாதையை இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டினார்கள். தடுப்புகூட வைக்காமல் லோரி ஏறிப் போய்விட்டார்கள். நாலரை மணிக்கு அக்காவோடு கடைக்குப் போய்த் திரும்பிய கோமதிக்கு அது வெறும் பள்ளம். சீதாவோ வெட்டிப்போட்ட மண்மேட்டில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தாள்.

“அக்கா, எந்திரி! எல்லாரும் பாக்குறாங்க!”

எதிர்க் காப்பிக்கடையில் கோமதியின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்தார்கள். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். சீதா அசையவில்லை.

ஐந்து மணிக்கு வரிசை வீட்டுப் பெரியவர்கள் வேலை விட்டுத் தெருமுனையில் திரும்பினார்கள். தரையைத் தட்டும் தடிகளின் சத்தம். முன்னால் வேலாயுதம் அங்கிள் வேகமாக வந்தார். பின்னால் எட்டுப் பேர், அவர்களில் கடைசியாக அப்பா. அதுவரை அவர்களைக் கோமதி நினைக்கவே இல்லை. அவள் வாய் திறப்பதற்குள் வேலாயுதம் கையை உயர்த்தினார்.

“நில்லுங்க. சீதா கத்துது.”

“வீட்டுல இல்ல, ரோட்டுல கத்துது,” என்றார் பின்னால் வந்த மாரியாயி ஆன்டி. “ரோட்டுலதான் என்னமோ மாறியிருக்கு லா.”

ஒன்பது பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். வேலாயுதத்தின் தடிக்கும் பள்ளத்துக்கும் நாலடிதான் இருந்தது. அக்காவுக்குப் பேச்சு வராது என்றுதான் கோமதி இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

“கோமதி, அங்கதான் இருக்கியாம்மா? என்ன அது?” என்று அப்பா கேட்டார்.

“பள்ளம்ப்பா. பெரிய பள்ளம்.”

ஒவ்வொருவராகக் கைப்பிடித்து ரோட்டோரமாகச் சுற்றி அழைத்துப் போனாள். சீதா கத்துவதை நிறுத்தவில்லை. கடந்து போன ஒவ்வொருவரும் சத்தம் வந்த பக்கம் திரும்பி, “சரிம்மா, தெரிஞ்சிருச்சி,” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பா ஆபீசிலிருந்து போன் மேல் போன் போட்டும் பள்ளத்தை மூட மூன்று நாளானது. மூன்று நாளும் நாலரைக்கெல்லாம் சீதா மண்மேட்டுக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை நல்ல மழை. கோமதி குடையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடைமேல் மழை விழும் சத்தம் சீதாவுக்குப் பிடிக்கவில்லை, தள்ளிவிட்டாள். கோமதி குடையை மடக்கிக் கீழே வைத்தாள். காப்பிக்கடையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை. தெருமுனையில் முதல் தடிச் சத்தம் கேட்கிறதா என்று அக்காவோடு சேர்ந்து நனைந்துகொண்டே காதைத் தீட்டியிருந்தாள்.